புண் எவ்வளவு ஆழம்? அளவுகோலுக்கு எட்டாததைக் கேமரா அளக்கிறது

இனிப்பு நீர் உள்ள ஒருவருக்குக் காலில் புண். இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளினிக்கில் கட்டு மாற்றுகிறார்கள். தாதி கட்டைப் பிரித்து, உப்புநீரால் கழுவி, காகித அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நீளம் 4 சென்டிமீட்டர், அகலம் 3 சென்டிமீட்டர். அட்டையில் எழுதிக்கொள்கிறார். அடுத்த வாரம் வேறொரு தாதி பணியில் இருக்கிறார். அவர் அளக்கும்போது நீளம் 4.5, அகலம் 3 என்று வருகிறது. கூட வந்த மகள் கேட்கிறாள்: "மிஸ்ஸி, அப்பாவுக்குப் புண்ணு பெருசாயிடுச்சா?"

பெரிதாகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். முதல் தாதி தலையிலிருந்து பாதம் நோக்கி நேராக அளந்திருப்பார். இரண்டாமவர் எந்தப் பக்கம் நீளம் அதிகமோ அந்தப் பக்கம் அளந்திருப்பார். இரண்டுமே நடைமுறையில் உள்ள முறைகள்தாம். யார் மீதும் தவறு இல்லை. ஆனால், மகளின் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அந்த விடைக்காகத்தான் கடந்த 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்கள் கேமராவையும் கணினியையும் புண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். படங்களிலிருந்து புண்ணின் மேடு பள்ளங்களைக் கணித்து, அதன் உருவத்தை நீளம், அகலம், ஆழம் என மூன்று பரிமாணங்களிலும் திரையில் கட்டி எழுப்பி, பரப்பையும் கொள்ளளவையும் எண்ணாகச் சொல்வது இதன் வேலை. கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் இந்தத் துறையின் பெயர் கணினிப் பார்வை. முகத்தைக் காட்டினால் கைப்பேசி திறப்பதும், கார் நிறுத்துமிடத்தில் வண்டி எண்ணைக் கேமரா படிப்பதும் இதே துறையின் பிள்ளைகள்தாம்.

நான்காவது வாரம்

புண்ணை இவ்வளவு நுணுக்கமாக அளந்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றலாம். காலைக் காப்பாற்றும் முடிவு பல நேரங்களில் அந்த அளவைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இது மற்ற இனங்களைவிட அதிகம் என்பது ஆய்வுக்கு ஆய்வு உறுதியாகும் செய்தி. சிங்கப்பூரிலும் அதே கதைதான். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாக எடுத்துச் சொன்னார்.

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் உறைக்காது. வலி இல்லாததால் புண் வந்ததே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறத் தேவையான பிராணவாயு அங்கே போய்ச் சேராது. இப்படிப்பட்ட புண்ணில் "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

எவ்வளவு நாள் பார்க்கலாம்? இதற்கு 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவான கணக்கு ஒன்றைத் தந்தது. நீரிழிவுக் கால்புண் உள்ள 200-க்கும் மேற்பட்டவர்களை 12 வாரம் கவனித்தார்கள். முதல் நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதிக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 53 விழுக்காட்டுக்கு மேல், சுருங்கியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு 12 வாரத்துக்குள் புண் முழுதாக ஆறியது. அந்த அளவுக்குச் சுருங்காதவர்களில் ஆறியது 9 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

அதன் பிறகு "நான்கு வாரத்தில் பாதி" என்பது புண் பராமரிப்பில் ஒரு மைல்கல் ஆகிவிட்டது. நான்காவது வாரம் பாதியாகக் குறையாத புண்ணுக்கு அதே மருந்து, அதே கட்டு என்று தொடரக் கூடாது. இரத்தக் குழாய் அடைப்பு இருக்கிறதா, எலும்பில் கிருமி பரவியிருக்கிறதா, பாதத்தில் விழும் எடையைக் குறைத்தார்களா, இரத்தத்தில் இனிப்பு கட்டுக்குள் உள்ளதா என்று எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆக, முதல் வார அளவும் நான்காவது வார அளவும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருந்தால்தான் "பாதி" என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

ஒரு காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரே டிரெஸ்ஸர் வருடக்கணக்கில் இருப்பார். யார் காலில் எந்தப் புண் எப்போது வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். அளவுகோல் இல்லாவிட்டாலும் ஒரே கண் பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து போன பின், ஒரே நோயாளியை இன்று கிளினிக்கில் ஒருவர், நாளை மருத்துவமனையில் இன்னொருவர், விடுமுறை நாளில் மூன்றாமவர் பார்க்கிறார்கள். ஒரே கண் இல்லாத இடத்தில் ஒரே அளவாவது வேண்டும்.

அளவுகோல் எங்கே தவறுகிறது

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் கிடைப்பது செவ்வகத்தின் பரப்பு. ஆனால், செவ்வகப் புண் என்று ஒன்று கிடையாது. 4-க்கு 3 புண்ணைப் பெருக்கினால் 12 சதுர சென்டிமீட்டர். அதே புண் சீரான முட்டை வடிவில் இருந்தால் உண்மைப் பரப்பு 9.4 மட்டுமே. 1980-களில் அமெரிக்காவில் வந்த குண்டின் அளவி இதற்காகவே பெருக்கிய விடையை 0.785-ஆல் மறுபடி பெருக்கச் சொன்னது. நிஜப் புண்ணோ முட்டையும் அல்ல. ஓரம் வளைந்து நெளிந்து, ஒரு பக்கம் வால் நீண்டு கிடக்கும். படத்தில் ஓரத்தைக் கோடு போட்டு அளக்கும் முறையோடு 2010-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாதாரண அளவுகோல் முறை சராசரியாக 41 விழுக்காடு கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது.

கூடுதலாகக் காட்டுவதுகூடப் பெரிய பிழை இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு கூடுதலாகக் காட்டினால் "பாதி" பாதியாகவே இருக்கும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவதுதான் பிரச்சினை.

அப்படியானால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதில் ஓரத்தை வரைந்து அளந்தால் போதாதா? தட்டையான இடத்தில் போதும். உடம்பு தட்டை இல்லை. கெண்டைக்கால் எலும்புக்கு மேலே, காலின் அரைச் சுற்றளவுக்குப் பரவிய ஒரு புண்ணை எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தில் காலின் சுற்றளவு 25 சென்டிமீட்டர் என்றால் புண்ணின் உண்மையான அகலம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நேர் எதிரே நின்று எடுத்த படத்திலோ அது 8 சென்டிமீட்டராகத்தான் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளைவில் மறைந்துவிடுகிறது. குதிகாலிலும் பெருவிரலின் பக்கத்திலும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆழம். ஆழமான புண் ஆறும்போது முதலில் வாய் சுருங்குவதில்லை. அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து குழியை நிரப்பிக்கொண்டு வருகிறது; பிறகுதான் ஓரத்திலிருந்து தோல் மூடுகிறது. வாய் 4-க்கு 3 என்றே இருந்து, ஆழம் 1 சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு வந்திருந்தால் கொள்ளளவு பாதியாகிவிட்டது என்று பொருள். அளவுகோலைப் பார்ப்பவருக்கு மாற்றமே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் மனம் உடைந்து, யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் பூசத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வாரங்களில்தான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். மேல்தோல் அவசரமாக மூடிக்கொண்டு, உள்ளே குழி அப்படியே கிடக்கும். அது இன்னும் மோசம்.

ஆழத்தை அளக்க வழியே இல்லாமல் இல்லை. கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியை மிக ஆழமான இடத்தில் விட்டு, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து அளப்பார்கள். ஆய்வுகளுக்காகப் புண்ணின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, ஊசியால் உப்புநீர் செலுத்தி எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். பல் மருத்துவர்கள் பல்லுக்கு அச்செடுக்கும் பசையைக் குழிக்குள் ஊற்றி அச்சு எடுத்தவர்களும் உண்டு. குச்சி ஓர் இடத்தின் ஆழத்தைத்தான் சொல்லும். நீர் கசியும். அச்சுப் பசையை வாரா வாரம் புண்ணில் ஊற்றிக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தொடாமல் அளக்க ஒரு வழி தேவைப்பட்டது.

கேமராவுக்கு ஆழம் எப்படித் தெரிகிறது

ஒரு விரலை மூக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். தூரத்தில் உள்ள சுவர்க் கடிகாரம் அவ்வளவாக அசையாது. பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும். மூளை இந்த வேறுபாட்டையும் வைத்துத்தான் தூரத்தை உணர்கிறது. இரண்டு கேமரா, அல்லது ஒரே கேமராவால் இரண்டு கோணத்தில் எடுத்த இரண்டு படம் இருந்தால் கணினியும் இதையே செய்யும். முதல் படத்தில் உள்ள ஒரு புள்ளி, இரண்டாவது படத்தில் எங்கே இருக்கிறது என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குத் தேடி, ஒவ்வொன்றின் தூரத்தையும் முக்கோணக் கணக்கால் கண்டுபிடிக்கிறது.

இரண்டாவது வழி வெளிச்சத்தை வைத்து. துணி காயப்போடும் கயிற்றின் நிழல் சிமெண்டுத் தரையில் நேர்கோடாக விழும். அதே நிழல் வீட்டு வாசலில் உள்ள கால்வாயைக் கடக்கும் இடத்தில் விலகி, உடைந்து தெரியும். கால்வாய் எவ்வளவு ஆழமோ அவ்வளவு விலகும். நிழலுக்குப் பதில் ஒளிக்கோடுகளைப் புண்ணின் மேல் சாய்வாக விழச் செய்து, அவை எங்கே எவ்வளவு வளைகின்றன என்று கேமரா பார்த்தால் ஆழம் கிடைத்துவிடும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளாமோர்கன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பிளாஸ்மன், பிரையன் ஜோன்ஸ் ஆகியோர் 1990-களில் உருவாக்கிய 'மேவிஸ்' கருவி இப்படித்தான் வேலை செய்தது. புண்ணின் பரப்பையும் கொள்ளளவையும் தொடாமல் அளந்த தொடக்கக் கருவிகளில் அது ஒன்று. 2003-இல் இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் லேசர் வருடியைக் கொண்டு, நிறத்தோடு சேர்த்துப் புண்ணின் உருவத்தைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார்கள். இவை நல்ல கருவிகள். ஆனால், மேசையும் நிலைச்சட்டமும் பயிற்சி பெற்ற ஆளும் தேவைப்பட்டவை. கட்டு மாற்றும் அறையில் வரிசையில் 20 பேர் காத்திருக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது?

2009-இல் பிரான்சின் ஓர்லியன் பல்கலைக்கழகக் குழு, கடையில் வாங்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவால் இரண்டு கோணத்தில் எடுத்த படங்களிலிருந்தே புண்ணின் முப்பரிமாண உருவத்தைக் கட்டலாம் என்று காட்டியது. கருவி, தாதியின் கைக்குள் அடங்கும் காலம் அங்கிருந்து தொடங்கியது எனலாம்.

ஒரு சிக்கல் மட்டும் கேமராவைவிட்டுப் போகாது. சாதாரணப் படம் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. யானையைத் தூரத்தில் இருந்தும் யானைப் பொம்மையைக் கிட்டத்தில் இருந்தும் எடுத்தால் இரண்டும் ஒரே அளவில் விழும். அதனால்தான் பல செயலிகள் புண்ணுக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு சிறு ஒட்டியை ஒட்டச் சொல்கின்றன. தூரத்தைத் தானே அளக்கும் உணரி உள்ள கருவிகளுக்கு அது தேவையில்லை. 2020-இல் ஐபேட் புரோவிலும், அதே ஆண்டு இறுதியில் ஐபோன் 12 புரோவிலும் வந்த லைடார் அப்படிப்பட்ட ஓர் உணரி. ஆனால், அறையையும் மேசையையும் அளக்க ஏற்ற அதன் புள்ளிகள், இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு புண்ணுக்கு மிகப் பெரும்போக்கானவை.

ஓரம், மூடி, நிறம்

உருவம் திரையில் வந்தாயிற்று. இனிப் புண் எது, நல்ல தோல் எது என்று பிரிக்க வேண்டும். முன்பு இதை ஒருவர் விரலால் திரையில் வரைந்தார். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைகிறது. அனுபவமுள்ள தாதியரும் மருத்துவர்களும் ஓரம் வரைந்து கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டி அதற்குப் பழக்குகிறார்கள். 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'யூ-நெட்' என்ற அமைப்பும் அதன் வழித்தோன்றல்களும் இந்த வேலையில் அதிகம் பயன்படுகின்றன.

ஓரம் கிடைத்தால் பரப்பு கிடைத்துவிடும். அதுவும் வளைவைப் பின்பற்றிய உண்மைப் பரப்பு. கொள்ளளவுக்கு இன்னொரு படி வேண்டும். குழி எங்கே முடிகிறது என்பது தெரியும், எங்கே தொடங்குகிறது? சாலைக் குழியில் எவ்வளவு தார்க்கலவை கொட்ட வேண்டும் என்று கணக்கிட, குழி விழுவதற்கு முன் சாலை எந்த மட்டத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். அதுபோல, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலின் வளைவைப் பார்த்து, புண் வராமல் இருந்திருந்தால் தோல் எப்படி இருந்திருக்கும் என்று கணினி ஒரு கற்பனை மூடியைப் போடுகிறது. அந்த மூடிக்கும் குழியின் அடிக்கும் இடைப்பட்ட இடம்தான் கொள்ளளவு. சுற்றியுள்ள தோல் வீங்கியிருந்தால் மூடி உயர்ந்துவிடும்; புண் ஆழமாகாமலேயே எண் கூடும். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. செத்த சதையை மருத்துவர் வெட்டி எடுத்த மறுநாள் அளந்தால் பரப்பும் கொள்ளளவும் கூடியிருக்கும். அது கெட்ட செய்தி அல்ல. அதற்குப் பிறகுதான் புண் ஆறவே தொடங்கும். வெட்டிய தேதி பதிவில் இருக்க வேண்டும்.

நிறத்தையும் கணினி பிரிக்கிறது. சிவப்பு என்றால் வளரும் புதுச் சதை. மஞ்சள் என்றால் பசைபோல் ஒட்டியிருக்கும் செத்த திசு. கறுப்பு என்றால் செத்துக் காய்ந்தது. புண்ணில் எத்தனை விழுக்காடு சிவப்பு, எத்தனை மஞ்சள் என்று வாரா வாரம் எண்ணாகக் கிடைக்கும்போது, "கொஞ்சம் பரவாயில்லை" என்று அட்டையில் எழுதும் பழக்கத்துக்கு அவசியம் இருக்காது.

இப்படிப்பட்ட கருவிகள் இன்று சந்தையில் உள்ளன. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் உருவான சில்லவெட், லேசர் கோடுகளைக் கொண்டு ஆழம் பார்க்கிறது. கனடாவின் ஸ்விஃப்ட் நிறுவனம் கைப்பேசியையும் ஒட்டியையும் நம்புகிறது. அமெரிக்காவின் இகேர், ஆழ உணரி உள்ள கருவிகளை ஆப்பிள் சாதனங்களோடு இணைத்தது. நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரின் குரோனிகேர் நிறுவனம் புண்ணை வருடிப் பார்க்கும் கைக்கருவி ஒன்றை உருவாக்கியுள்ளது. அங்கே டான் டோக் செங் மருத்துவமனையில் நீரிழிவுக் கால்புண் நோயாளிகளிடம் 'கேர்ஸ்ஃபோர்வூண்ட்ஸ்' என்ற கைப்பேசிச் செயலியைச் சோதித்து, அதன் முடிவுகளை 2022-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நீளம், அகலம், பரப்பு ஆகியவற்றில் செயலியின் அளவும் தாதியரின் அளவும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆயினும், உலகின் பெரும்பாலான கட்டு மாற்றும் அறைகளில் இன்னமும் காகித அளவுகோல்தான் ஆட்சி செய்கிறது.

கேமராவுக்குத் தெரியாதவை

ஒளி போகும் இடத்தைத்தான் கேமரா பார்க்கும். சில புண்களில் வாய் சிறியதாக இருந்து, தோலுக்கு அடியில் பக்கவாட்டில் குடைந்து சென்றிருக்கும். சிலவற்றில் எலிவளைபோல ஒரு துளை எலும்புவரை போகும். முப்பரிமாணப் படத்தில் அது ஒரு சிறு புள்ளி. அதைக் கண்டுபிடிக்க மருத்துவரோ தாதியோ குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். குச்சி எலும்பைத் தொட்டால் எலும்பில் கிருமி இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். எந்தச் செயலியும் இந்தப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

உலகெங்கும் புண்ணை மதிப்பிட 'டைம்' என்றொரு முறை உண்டு. திசு, கிருமித் தொற்று, ஈரம், ஓரம் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்வது அது. கோலாலம்பூர் மருத்துவமனையின் புண் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் ஹரிகிருஷ்ணா நாயர், புண்ணைச் சுற்றியுள்ள தோலையும் அதில் சேர்த்து 'டைம்ஸ்' ஆக்கினார். இந்த ஐந்தில் ஓரத்தில் கேமரா கெட்டி. திசுவின் நிறத்தில் ஓரளவு தேர்ச்சி. ஈரத்தில் தடுமாறும், ஈரப் புண்ணில் விளக்கொளி பட்டுப் பளபளத்தால் அந்த இடத்தின் ஆழக் கணக்கே தப்பாகும். தொற்றின் நாற்றம் அதற்குத் தெரியாது. பாதத்தில் நாடி துடிக்கிறதா என்பதும் தெரியாது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. அது தோலின் நிறம். புண்ணைச் சுற்றிக் கிருமி பரவினால் தோல் சிவக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. வெள்ளைத் தோலில் அது சிவப்பு. கறுத்த தோலில் அது ஊதாவாகவோ, கரும்பழுப்பாகவோ, வெறும் மினுமினுப்பாகவோதான் தெரியும். செயற்கை நுண்ணறிவு தான் பார்த்துப் பழகியதைத்தான் அடையாளம் காணும். ஆய்வாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கால்புண் படத் தொகுப்புகளில் 2020-இல் போட்டிக்காக வெளியான 4,000 படங்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டார மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டவை. 2021-இல் வந்த 1,210 படங்கள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் புண் சிகிச்சை மையம் ஒன்றிலிருந்து வந்தவை. தமிழர் கால் அதில் எத்தனை இருந்திருக்கும்?

இது வெறும் சந்தேகம் இல்லை. கோவிட் காலத்தில் பலர் வாங்கி விரலில் மாட்டிப் பார்த்த பிராணவாயு அளவி, கறுப்பினத்தவரின் பிராணவாயுக் குறைவை வெள்ளையரைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தோலின் நிறத்தை ஒளியால் படிக்கும் எந்தக் கருவிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். கறுத்த தோலில் புதிதாக மூடும் தோல் முதலில் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும்; பழகாத கணினி ஆறிய இடத்தையும் புண் என்று எண்ணிவிடக்கூடும். ஆழக் கணக்கு நிறத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை என்பது ஓர் ஆறுதல். மேடு மேடுதான், பள்ளம் பள்ளம்தான். இந்த வகையில் முப்பரிமாண அளவீடு, நிறத்தை மட்டும் நம்பும் செயலிகளைவிட நமக்குப் பொருத்தமானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்லா இனத்தாரின் கால்களும் உள்ளன. இங்கே எடுக்கும் படங்களால் பழக்கப்படும் கருவி இங்குள்ளவர்களுக்கு மேலும் உதவும்.

வீட்டில் செய்யக்கூடியது

முப்பரிமாணக் கருவி இல்லாத கிளினிக்கிலும் அதன் பாடத்தில் பாதியைப் பயன்படுத்தலாம். கட்டு மாற்றும்போது தாதியிடம் அனுமதி கேட்டு வாரம் ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். புண்ணைக் கழுவிய பிறகு எடுக்க வேண்டும். மருந்தும் சீழும் மூடியிருந்தால் ஓரம் தெரியாது. கேமரா புண்ணுக்கு நேர் எதிரே இருக்கட்டும். காகித அளவுகோல் புண்ணைத் தொடாமல், பக்கத்துத் தோலில், புண்ணின் மட்டத்திலேயே இருக்கட்டும். அளவு தெரியட்டும் என்று சட்டைப்பையில் இருந்து 20 சென் காசை எடுத்து வைக்க வேண்டாம். அந்தக் காசு எங்கெல்லாம் போய் வந்திருக்கும்! ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே வெளிச்சம், நோயாளி அதே மாதிரி காலை நீட்டிய நிலை. வளைந்த இடத்துப் புண்ணுக்கு இரு பக்கமிருந்தும் கூடுதலாக ஒவ்வொரு படம் எடுங்கள்.

படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரப்ப வேண்டியதில்லை. அவை அப்பாவின் மருத்துவப் பதிவு. தேதியோடு தனியாகச் சேமித்து, மருத்துவரைப் பார்க்கும் நாளில் வரிசையாகக் காட்டினால் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. "புண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். "முதல் நாளைவிட இப்போது எத்தனை விழுக்காடு குறைந்திருக்கிறது? ஆழம் எவ்வளவு? அதையும் அட்டையில் எழுதுவீர்களா?" என்று கேளுங்கள். நான்கு வாரம் ஆகியும் பாதியாகவில்லை என்றால், "இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டுமா? மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான்கு வாரம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உள்ளன. காய்ச்சலும் குளிரும், புண்ணிலிருந்து திடீரென்று வரும் நாற்றம், காலில் ஏறிக்கொண்டே போகும் வீக்கம் அல்லது சூடு, கறுத்துப்போன விரல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.